நாளைப் போவோம்



ஒரு குடும்பத்திடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டால் ஐந்தொகை ஒன்றைத் தயாரித்துக் காட்டிவிடலாம். வீடு, வாகனம், வங்கி மீதி, வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அந்த வீட்டில் வாழும் ஒவ்வொருவரும் "என்றாவது ஒருநாள்" என்று நெஞ்சில் வைத்திருக்கும் காரியங்களுக்கு எந்த ஏட்டிலும் இடம் கிடையாது. கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இது ஒரு குறையாகவே தோன்றுகிறது. மனிதர் இறக்கும்போது வங்கி மீதி பிள்ளைகளுக்குப் போகிறது. நிறைவேறாத ஆசை எங்கே போகிறது? இந்தக் கேள்வியை வாசகர்களோடு சேர்ந்து சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

அவர்களின் பட்டியலும் எங்கள் பட்டியலும்

நாம் வாழும் இந்த நாட்டவர்கள் தம் ஆசைகளை இப்போது எழுதியே வைக்கிறார்கள். அதற்கு 'பக்கெற் லிஸ்ற்' என்று பெயர். ஒருவர் வாளியை உதைத்தார் என்றால் இறந்துவிட்டார் என்பது ஆங்கிலப் பேச்சு வழக்கு. ஆகவே இறப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் இது. ஜாக் நிக்கல்சன், மோர்கன் ஃப்ரீமன் ஆகியோர் நடித்து 2007இல் வெளிவந்த ஒரு திரைப்படம் இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் வழக்கம் அதற்கு முந்தியது. அமெரிக்கரான ஜோன் கொடார்ட் 1940இல், தமது பதினைந்தாவது வயதில், வாழ்நாளில் செய்து முடிக்க வேண்டியவை என்று 127 காரியங்களை எழுதினார். நைல் நதியைச் சிறு படகில் கடப்பது அவற்றுள் ஒன்று. 1950ஆம் ஆண்டு புறப்பட்டு அதைச் செய்தும் காட்டினார். 2013இல் அவர் காலமானபோது பட்டியலின் பெரும்பகுதி முடிந்திருந்தது.

எங்கள் முன்னோரிடமும் பட்டியல் இருந்தது. காகிதத்தில் எழுதாத பட்டியல் அது. காசிக்குப் போக வேண்டும். இராமேசுவரத்து மணலைக் கங்கையில் இட்டு, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிடேகம் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவருக்குச் சிதம்பர தரிசனம் வாழ்நாள் ஆசை. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதை எண்ணினால் அந்த ஊருக்கும் எங்களுக்கும் இருந்த நெருக்கம் விளங்கும். இவற்றோடு கிணறு வெட்டுவது, மரம் நடுவது, பெண்பிள்ளைகளைக் கரைசேர்ப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். கொடார்டின் பட்டியல் ஒரு தனி மனிதருடையது. வேறு எவரும் அதே பட்டியலை எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் முன்னோரின் பட்டியலோ ஊர் முழுவதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. "காசிக்குப் போகப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சுயநலம் என்று யாரும் சொல்லவில்லை. வழியனுப்ப ஊரே திரண்டது. "எனக்கு நைல் நதியைப் பார்க்க ஆசை" என்றோ, "ஐம்பது வயதில் வீணை பழகப் போகிறேன்" என்றோ எம்மவர் ஒருவர் இன்று சொன்னால் கேட்பவரின் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. சொன்னவரும் உடனே கூசிப் போகிறார்.

அகதியின் ஏடு

அந்தக் கூச்சத்துக்கு எங்கள் வாழ்க்கையிலேயே காரணம் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களும், அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும், எம்மைப் போலப் போர் முடிந்த பின் வந்தவர்களும் முதலில் திறந்த ஏடு கடன் ஏடுதான். பயணத்துக்குப் பட்ட கடன் முதலாவது. பிறகு தம்பியை அழைக்கும் செலவு, தங்கையின் திருமணம், அப்பாவின் வைத்தியச் செலவு, வீடு, சீட்டு, பிள்ளைகளின் வகுப்புகள். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் தன் ஆசை என்ற மீதியை அடுத்த ஆண்டுக்கு முன்கொண்டு சென்றோம். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு இப்படியே முன்கொண்டு சென்ற மீதி பலரிடம் இருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெருமைப்படவே இடமிருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஊரிலே உறவினர் சிலர் இன்னும் கஷ்டப்படுகையில் எமது சொந்த ஆசைக்காகப் பணமும் நேரமும் செலவிடுவது நியாயமா? இது லேசான கேள்வி என்று நாம் நினைக்கவில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பத்தின் மாதச் செலவும், எம் ஒரு விடுமுறைப் பயணத்தின் செலவும் ஒரே அளவாக இருப்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

இதற்கு நாம் காணும் விடை இது. ஓர் ஆசை சுயநலமா இல்லையா என்பதை அந்த ஆசையின் தன்மையைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. அதன் செலவை யார் தாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். தாயின் மருந்துச் செலவை நிறுத்திவிட்டுக் காசிக்குப் போனால் அது சுயநலம். கடமைகளைச் செய்துகொண்டே கிழமைக்கு இரண்டு மணி நேரம் மிருதங்கம் பழகினால் அது சுயநலம் ஆகாது. "கடமை எல்லாம் முடிந்த பிறகு பார்ப்போம்" என்பார்கள். கடமைக்கு முடிவு கிடையாது. பிள்ளைகளின் கடமை முடியும்போது பேரப்பிள்ளைகளின் கடமை தொடங்கிவிடும். ஆகவே, முடிந்த பிறகு என்பது ஒருபோதும் இல்லை என்பதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதையான பெயர்.

நாளைப் போவார்

எங்கள் நாயன்மார்களில் ஒருவருக்கு 'நாளை' என்பதே பெயராயிற்று. அவர் திருநாளைப்போவார். நந்தனார் என்றால் எல்லோரும் அறிவர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடினார். ஆதனூரில் பிறந்த அவர் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழ் வீணைகளுக்கு நரம்பும் கொடுத்து வந்தார். தாம் தோல் கொடுத்த முரசு ஒலிக்கும் கோயிலுக்குள்ளே அவர் நுழைய முடியாது. தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எழும். குலத்தடை நினைவுக்கு வரும். "நாளைப் போவேன்" என்று சொல்லிக்கொண்டு நின்றுவிடுவார். மறுநாளும் ஆசை எழும். மறுநாளும் நாளை என்பார்.

நந்தனார் சோம்பலால் பிற்போடவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவருக்கு முன்னால் நின்ற மதில் மற்றவர்கள் கட்டியது. திருப்புன்கூரில் நந்தி விலகியது என்கிறது வரலாறு. மனிதர் விலகவில்லை. தில்லையிலே அவர் தீயில் மூழ்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த மதில் பழங்காலத்தோடு இடிந்துவிடவும் இல்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் இலங்கையில் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. ஒருவருடைய 'நாளை'யைப் பார்த்துச் சிரிக்கும் முன், அந்த மதிலில் எமது கல்லும் இருக்கிறதா என்று பார்க்கும் கடமை எமக்கு உண்டு. குடும்பத்துக்குள்ளும் இதுவே உண்மை. "இந்த வயதில் உனக்கு எதற்கு?" என்று மனைவியைக் கேட்கும் கணவரும், "உங்களுக்கு அது விளங்காது அம்மா" என்று சொல்லும் பிள்ளைகளும் வைப்பது ஒவ்வொரு கல்தான்.

இரு வகை மதில்கள்

ஆகவே எமது நிறைவேறாத ஆசைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்பது பிறர் கட்டிய மதிலா, நாமே கட்டிய மதிலா என்று பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

பிறர் கட்டிய மதிலுக்கு உதாரணம் வெளியில் தேட வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தின் 28ஆம் பிரிவின்படி அகதிக்குப் பயணப் பத்திரம் கிடைக்கிறது. அதைக் கொண்டு உலகின் பல நாடுகளுக்குப் போகலாம். தப்பி வந்த நாட்டுக்குப் போக முடியாது. போக விரும்பும் ஒரே இடம் அதுவாக இருந்தாலும் முடியாது. கனடாவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின் பின், அகதியாக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர் குடியுரிமை பெறுமுன் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால் அந்த வதிவுரிமையையே இழக்க நேரலாம். தாயின் செத்த வீட்டைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்று சொல்வது கொடுமை.

நாமே கட்டிய மதில்கள் வேறு. "வயது போய்விட்டது", "ஆட்கள் என்ன சொல்வார்கள்", "வீட்டுக் கடன் முடியட்டும்" என்பன அவை. சில மதில்கள் வெறும் செவிவழிச் செய்தியால் ஆனவை. உதாரணமாக, முதியவர்கள் பலர் ஊரில் ஓர் ஆண்டாவது இருந்து பார்க்க விரும்புகிறார்கள். "ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் பென்சன் நின்றுவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த எண்ணத்தையே கைவிடுகிறார்கள். பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் குறைந்தது 20 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு முதியோர் ஓய்வூதியம் வெளிநாட்டிலும் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நிற்பது, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அதனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மேலதிகத் தொகை. அந்தத் தொகை இல்லாமல் வாழ முடியுமா என்பது ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்க வேண்டிய விடயம். ஆனால் கணக்குப் பார்க்காமலே ஓர் ஆசையைக் கைவிடுவது சரியல்ல.

பிள்ளைகளின் பெயரில் எழுதிய ஆசை

பொருளியலில் அமையச் செலவு என்று ஒன்று சொல்வார்கள். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்பட்ட மற்றொன்றின் பெறுமதி அது. ஆசையை நிறைவேற்றுவதற்குச் செலவு உண்டு என்பதை எல்லோரும் அறிவோம். ஆசையைப் பிற்போடுவதற்கும் செலவு உண்டு. அதைப் பல வீடுகளில் பிள்ளைகள்தான் கட்டுகிறார்கள்.

வைத்தியராக விரும்பித் தரப்படுத்தலால் வாய்ப்பை இழந்த தந்தை மகனை வைத்தியராக்க முனைகிறார். நடனம் பழக விடப்படாத தாய் மகளை அரங்கேற்ற மேடையில் ஏற்றுகிறார். மகனுக்கும் மகளுக்கும் அதில் விருப்பம் இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? "உனக்காகத்தானே இரவிலும் வேலை செய்தேன்" என்ற ஒரு வாக்கியம் வீட்டில் அடிக்கடி கேட்கும். அது உண்மையான வாக்கியம். எனினும் கேட்கும் பிள்ளைக்கு அது ஒரு விலைச்சிட்டை போலத் தெரிகிறது. தான் கையொப்பமிடாத கடனுக்குத் தன்னிடம் தவணைப் பணம் கேட்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது. தியாகம் என்பது கொடுத்தது. திருப்பிக் கேட்டால் அதற்குப் பெயர் கடன்.

பிள்ளைகளின் உயர்கல்விக்கென்று இங்கே ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 2,500 டொலர் போட்டால் அரசாங்கம் 20 வீதமாகிய 500 டொலரைச் சேர்க்கிறது. எம்மவர்கள் அதைத் தவறாமல் செய்கிறார்கள், நல்லது. ஆனால் தாய் தந்தையர் தாமும் எதையோ விரும்பிப் பழகுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு எந்தச் சேமிப்புக் கணக்கும் கொடுக்க முடியாத ஒன்று கிடைக்கிறது. பெரியவரான பின்னும் மனிதர் வளரலாம் என்ற நம்பிக்கை அது. அவுஸ்திரேலியாவில் மரணப்படுக்கையில் இருந்தவர்களைப் பராமரித்த புரோனி வேர் என்னும் பெண்மணி, அவர்கள் சொன்ன மனக்குறைகளை 2011இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் முதலாவது, மற்றவர்கள் எதிர்பார்த்த வாழ்க்கையை வாழ்ந்தோம், எமக்கு உண்மையான வாழ்க்கையை வாழத் துணியவில்லை என்பது. அந்த மனக்குறையை எம் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்கக் கூடாது.

கயிலையும் திருவையாறும்

இனி, எந்த முயற்சியாலும் நிறைவேற முடியாத ஆசைகளைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். எமது பட்டியலில் அவையே அதிகம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட தலைமுறையின் கண்முன்னே 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. கட்டிடம் பின்னர் எழுந்தது. எரிந்த ஏட்டுச் சுவடிகள் திரும்பி வரவில்லை. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில், புகையிரத நிலையத்தில் யாரைச் சந்திக்க விரும்பினோமோ அவர்கள் பலர் போய்விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டபோது தம் வளவின் எல்லையையே அடையாளம் காண முடியாதவர்கள் இருந்தார்கள். பழைய வீட்டில், பழைய கிணற்றடியில், அப்பாவோடு ஒரு நாள் என்ற ஆசைக்கு எந்த விமானச் சீட்டும் கிடையாது.

கணக்கியலில், வாங்கியவர் இனித் தரவே மாட்டார் என்று உறுதியான கடனை அறவிட முடியாக் கடன் என்று பதிவழிப்போம். அவ்வாறு செய்யாமல் ஆண்டாண்டாக வரவேண்டிய பணம் என்றே காட்டிக்கொண்டிருந்தால் ஏடு பொய் சொல்லும். சில ஆசைகளையும் அப்படிப் பதிவழிக்க வேண்டும். ஆனால் அதை அழுது, பெயர் சொல்லி, மரியாதையோடு செய்ய வேண்டும். இறந்தவருக்கு அந்தியேட்டி செய்யும் நாம் இறந்துபோன ஆசைக்கும் ஒரு சடங்கு செய்யலாம். குறைந்தது பிள்ளைகளிடம் அதைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து சொல்லலாம்.

சில ஆசைகள் இறப்பதில்லை, இடம் மாறுகின்றன. அப்பர் சுவாமிகள் கயிலையைக் காணப் புறப்பட்டார். கால் தேய்ந்தது, பிறகு கை தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார், உருண்டார். அப்படியும் கயிலையை அடையவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கும்படி பணிக்கப்பட்டு, மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே எதிர்ப்பட்ட விலங்கும் பறவையுமாகிய சோடிகளிலெல்லாம் அம்மையப்பரைக் கண்டார். கேட்டது மலை, கிடைத்தது சொந்த நாட்டின் தெரு. ஆனால் தேடியது கிடைத்தது. இந்த வரலாற்றை முயற்சிக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உடல் தேயும் வரை நடந்தவருக்குத்தான் திருவையாற்றில் காட்சி கிடைத்தது.

திருநின்றவூர்ப் பூசலாரும் அப்படியே. கோயில் கட்டப் பொருள் தேடிக் கிடைக்காதபோது அவர் மனத்திலேயே கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் மனத்தில் சேர்த்தார், தச்சரை அமர்த்தினார், நாள் பார்த்தார், படிப்படியாகக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளைக் குறித்திருந்த காஞ்சி மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, உன் கற்கோயிலுக்கு வேறு நாள் வை என்றார். பூசலாரின் கனவு பகற்கனவாகாமல் போனதற்குக் காரணம் அந்த ஒழுங்கு. ஒரு கல்லையும் அவர் தாண்டிப் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த நாட்களில், வடமாகாணக் கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றை ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது எமது ஆசையாக இருந்தது. சங்கக் கடைகளும் மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும் எப்படிச் சாதாரண மக்களின் சந்தாப் பணத்தால் எழுந்து நின்றன என்பதை ஏடுகளைக் கொண்டு காட்ட விரும்பினோம். அந்த ஏடுகளிற் பல இன்று இல்லை. ஆனால் சங்கங்களில் எழுதுவினைஞராகவும் முகாமையாளராகவும் இருந்தவர்கள் சிலர் இதே நகரில், இதே ஆலயத்துக்கு வருகிறார்கள். எழுதப்படாத ஏடு அவர்களின் நினைவில் இருக்கிறது. நாற்பதுகளில் இருக்கும் எமக்கு இன்னும் நேரமிருக்கலாம். அவர்களுக்கு அவ்வளவு நேரமில்லை. ஆகவே ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்து குறிப்பெடுத்து வருகிறோம். பட்டம் எதுவும் கிடைக்கப் போவதில்லை. வேலை நடக்கிறது.

என்ன செய்யலாம்?

1986இல் இருபத்தைந்து வயதில் இந்தக் கரையை அடைந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அவருடைய பெற்றோர் உயிரோடு இருந்தால் எண்பதைக் கடந்திருப்பார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம். "அம்மா, உங்களுக்கு என்ன ஆசை?" என்று கேட்டால் "எனக்கென்ன ஆசை, நீங்கள் நல்லாய் இருந்தால் போதும்" என்றுதான் முதல் விடை வரும். அதோடு விட்டுவிடாமல் இன்னொரு நாள் திரும்பவும் கேளுங்கள். மூன்றாம் முறை கேட்டால் உண்மை வரும். அது நீங்கள் பயந்த அளவு செலவானதாக இருக்காது. சின்ன வயதுத் தோழியோடு தொலைபேசியில் கதைக்க வேண்டும் என்பதாக இருக்கலாம். பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும் என்பதாகவும் இருக்கலாம்.

அடுத்து, ஒரு தாளை எடுத்து மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதலாவதில் பிறர் கட்டிய மதிலின் முன் நிற்கும் ஆசைகளை எழுதுங்கள். அவற்றுக்கு முயற்சியும் பொறுமையும் வேண்டும், சேர்ந்து குரல் கொடுக்கவும் வேண்டும். இரண்டாவதில் நாமே கட்டிய மதிலின் முன் நிற்பவை. அவற்றில் ஒன்றையாவது இந்த மாதமே தொடங்குங்கள். மூன்றாவதில் இனி முடியாதவை. அவற்றைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள், கடனாகக் கொடுக்க வேண்டாம். தாளில் நான்காவது நிரல் வேண்டாம். மகன் செய்ய வேண்டியவை, மகள் செய்ய வேண்டியவை என்று எழுத அங்கே இடமில்லை. அவர்களுக்கு வேறு தாள் கொடுங்கள், அவர்களே எழுதட்டும்.

நந்தனார் பல நாள் நாளை என்றார். ஆனால் ஒருநாள் காலையில் எழுந்து ஆதனூரிலிருந்து நடக்கத் தொடங்கினார். அப்போதும் மதில் அங்கேதான் இருந்தது. எமது ஆசைகளிலும் ஒன்றுக்காவது அப்படி ஒரு காலை விடிய எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் துணைநிற்பதாக.